ஜாமீனிலிருந்து தண்டனை வரை: குற்றவியல் நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது, எப்போது என்ன செய்ய வேண்டும்?

கைதான ஒருவரைப் பற்றி நீதிபதிக்கு முதலில் தெரியவருவதெல்லாம் காவல்துறை எழுதிக் கொடுத்ததுதான். எஃப்.ஐ.ஆர்., கைதுக் குறிப்பு, ஒப்புதல் வாக்குமூலம் என்ற பெயரில் சில பக்கங்கள், பழைய வழக்குகளின் பட்டியல். அவர் எத்தனை ஆண்டுகளாக அதே தெருவில் குடியிருக்கிறார், அவருடைய கூலியை நம்பி வீட்டில் எத்தனை பேர், அவர் எந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அந்தக் கட்டில் இருக்காது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் குடும்பத்தாரும் வழக்கறிஞரும். ஜாமீனிலும் சரி, கடைசியில் தண்டனையிலும் சரி, சட்டம் நீதிபதிக்கு நிறைய விருப்புரிமையைத் தருகிறது. அதை அவர் தன் முன்னால் இருக்கும் காகிதங்களைக் கொண்டுதான் பயன்படுத்த முடியும். எந்தக் கட்டத்தில் எந்தக் காகிதம் வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு நீதிமன்ற நடைமுறையை வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். பிரிவு எண்கள் மாறிவிட்டன. அடிப்படை பெரும்பாலும் மாறவில்லை. கீழே தரும் எண்கள் புதிய சட்டத்தின் எண்கள்.

1. முதல் 24 மணி நேரம்

யாரையும் கைது செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் காவல்துறைக்குக் கிடையாது. ஏழு ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றம் என்றால், கைது ஏன் தேவை என்பதற்கான காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும். தேவையில்லை என்றால் பிரிவு 35(3)இன்கீழ் 'விசாரணைக்கு ஆஜராகுங்கள்' என்று அறிவிப்பு தர வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. குற்றத்துக்கான தண்டனை மூன்று ஆண்டுகளுக்குக் குறைவு, ஆள் 60 வயதைத் தாண்டியவர் அல்லது உடல் தளர்ந்தவர் என்றால், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி இல்லாமல் கைது செய்யக்கூடாது என்று புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. அறிவிப்பு வந்தால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

கைது நடந்துவிட்டால் அதற்கான காரணத்தைக் கைதானவருக்குச் சொல்ல வேண்டும்; உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும்; மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்காத கைது அரசியலமைப்பின் 22ஆவது கூறுக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் அண்மைய தீர்ப்புகளில் திரும்பத் திரும்பக் கூறியிருக்கிறது.

குடும்பத்தார் இங்கே செய்ய வேண்டிய முக்கியமான வேலை நேரத்தைக் குறித்துவைப்பது. எத்தனை மணிக்கு, எங்கிருந்து, யார் அழைத்துச் சென்றார்கள், உடன் யார் இருந்தார்கள் என்று உடனே எழுதிவையுங்கள். காகிதத்தில் காட்டப்படும் கைது நேரமும் உண்மையில் அழைத்துச் சென்ற நேரமும் வேறாக இருந்தால், பிறகு அதைச் சொல்ல இந்தக் குறிப்பும் தெருவில் உள்ள கண்காணிப்பு கேமராப் பதிவும்தான் உதவும். எஃப்.ஐ.ஆர். நகல், ரகசியம் காக்க வேண்டிய வழக்குகள் தவிர, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும்.

2. ரிமாண்டு: நடுவர் முன் நிற்கும் சில நிமிடங்கள்

கைதானவரைக் காவலில் வைப்பதா என்று நடுவர் முடிவெடுக்கும் இந்தக் கட்டத்தை எல்லோரும் வெறும் சடங்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் கடும் கோபம் உண்டு. நடுவர் அந்த நேரத்தில் கேட்க வேண்டியவை மூன்று: எப்போது கைது செய்தார்கள், அடித்தார்களா, வழக்கறிஞர் இருக்கிறாரா. காயம் இருக்கிறதா என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். கைது தேவைதானா என்பதையும் அவர்தான் சோதிக்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் நடுவர் உத்தரவின் பேரில்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். ரிமாண்டு என்பது ஓர் உயிரின் பொறுப்பு என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

அடி விழுந்திருந்தால் இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். காவலர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள், பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் இங்கே சொன்னால்தான் பதிவாகும். வழக்கறிஞர் இல்லையென்றால் 'எனக்கு இலவச வழக்கறிஞர் வேண்டும்' என்று நடுவரிடம் கேட்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏற்பாடு செய்யும். உதவி எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி கிடைக்கும்.

நடுவர் ஒரு தடவைக்கு 15 நாட்கள் வரை நீதிமன்றக் காவலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பலாம். போலீஸ் காவல் மொத்தம் 15 நாட்களைத் தாண்டக்கூடாது. முன்பு அதை முதல் 15 நாட்களுக்குள் கேட்க வேண்டியிருந்தது. புதிய சட்டப்படி வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பிரித்துப் பிரித்துக்கூடக் கேட்கலாம். ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே போலீஸ் காவல் மனு வந்து சேரும் நிலைமை இதனால் கூடியிருக்கிறது. கைதானவர்களுக்குப் பாதகமான மாற்றம் இது என்பதே என் கருத்து.

3. குற்றம் எந்த வகை என்று பாருங்கள்

பி.என்.எஸ்.எஸ். முதல் அட்டவணையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே அது ஜாமீனில் விடத்தக்கதா இல்லையா என்று எழுதியிருக்கும். விடத்தக்கது என்றால் ஜாமீன் உங்கள் உரிமை. காவல் நிலையத்திலேயே தர வேண்டும். யாரும் கருணை காட்டுவதாக நினைக்கத் தேவையில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்த சாதாரண சாலை விபத்து வழக்குகூட இந்த வகைதான். ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாதவரை வசதியற்றவர் என்றே கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது பிரிவு 478.

மற்ற வகையில் முடிவு நீதிமன்றத்தின் கையில். ஜாமீனே கிடையாது என்று இதற்குப் பொருள் அல்ல. சாதாரணத் திருட்டும் இந்த வகைதான். அதில் நாள்தோறும் ஜாமீன் தரப்படுகிறது.

4. ஜாமீன் மனு: எங்கே, எதை வைத்து

நடுவர் விசாரிக்கக்கூடிய குற்றம் என்றால் முதலில் அவரிடமே மனு போடலாம். அவர் மறுத்தால் மாவட்ட முதன்மை அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றம். அதன்பின் உயர் நீதிமன்றம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. கொலை போன்ற வழக்குகளில் நடுவரிடம் பெரும்பாலும் பலன் இருக்காது. நேரே அமர்வு நீதிமன்றத்துக்குப் போவார்கள். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள், தளர்ந்தவர்கள் என்றால் கடுமையான குற்றத்திலும் நடுவரே ஜாமீன் தரப் பிரிவு 480 இடம் தருகிறது. பலர் அதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

நீதிபதி எடைபோடுவது அடிப்படையில் சில விஷயங்களைத்தான். இவர் ஓடிவிடுவாரா? சாட்சிகளை மிரட்டுவாரா? வெளியே போய் மறுபடி குற்றம் செய்வாரா? விசாரணை எந்த அளவில் இருக்கிறது? குற்றம் எவ்வளவு கடுமையானது, இவர் பங்கு என்ன? குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. 'பொய் வழக்கு, பொய் வழக்கு' என்று பத்துப் பத்தி எழுதுவதைவிட, 'எங்கே இருப்பார், யார் பொறுப்பு' என்று ஒரு பத்தியில் ஆவணத்தோடு சொல்வது அதிகம் வேலை செய்யும்.

மனுவோடு சேர்க்க வேண்டியவை: குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், வேலை தருபவரின் கடிதம், படிப்பவர் என்றால் கல்லூரிச் சான்றும் தேர்வு அட்டவணையும், மருத்துவ ஆவணங்கள், அவரை நம்பியிருக்கும் முதியவர்கள், குழந்தைகள் பற்றிய விவரம். பழைய வழக்கு இருந்தால் மறைக்கவே கூடாது. அரசு வழக்கறிஞர் கையில் 'முன்வழக்குகள் 4' என்ற அறிக்கை இருக்கும். அந்த நான்கில் இரண்டு விடுதலையில் முடிந்திருந்தால் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். வெறும் எண்ணிக்கையைக் கேட்டால் நீதிபதிக்கு அது வேறு மாதிரித்தான் படும்.

காயம்பட்டவர் மருத்துவமனையில் இருக்கும்வரை அடிதடி வழக்குகளில் ஜாமீன் கிடைப்பது கடினம். அவர் வீடு திரும்பியது தெரிந்ததும் மனு போட்டால் நிலைமை மாறும். திருட்டு வழக்கில் பொருள் கைப்பற்றப்பட்டதா என்பது பெரிய கேள்வி. மனு ஒருமுறை தள்ளுபடியானால் கதை முடிந்தது என்றில்லை. விசாரணை முடிந்தது, குற்றப்பத்திரிகை தாக்கலானது, கூட்டாளிக்கு ஜாமீன் கிடைத்தது என்று சூழ்நிலை மாறியதைக் காட்டி மறுபடி போடலாம். முந்தைய மனுக்களைப் பற்றிய விவரத்தை அதில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வணிக அளவு என்றால், கஞ்சாவில் அது 20 கிலோ, 'இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது' என்று நீதிபதி திருப்தியடைய வேண்டும். உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமும் பண மோசடித் தடுப்புச் சட்டமும் தத்தம் வழியில் இதே போன்ற தடுப்பை வைத்திருக்கின்றன. மேலே சொன்ன வழக்கமான அளவுகோல்கள் அங்கே தனியாக நின்று போதாது.

5. முன்ஜாமீன்

கைதாவோம் என்ற நியாயமான அச்சம் இருந்தால் பிரிவு 482இன்கீழ் அமர்வு நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுகலாம். நடுவருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஒருமுறை கிடைத்தால் பொதுவாக வழக்கு முடியும்வரை செல்லும், காலக்கெடு வைக்க வேண்டியதில்லை என்று 2020இல் சுசிலா அகர்வால் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் உத்தரவில் 'இத்தனை நாட்களுக்குள் நடுவர் முன் சரணடைந்து பிணைப்பத்திரம் தர வேண்டும்' என்று இருக்கும். அந்த நாளைத் தவறவிட்டால் கையில் உள்ள உத்தரவு பயன்படாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது; முதல் பார்வைக்கே குற்றம் தெரியாத வழக்குகள்தான் விதிவிலக்கு.

6. ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்

ஏழைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உத்தரவில் 'தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள்' என்று இருக்கும். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் சில உத்தரவுகள் சொல்லும். அந்தப் பணத்தைக் கட்டத் தேவையில்லை. ஆள் ஓடினால் அந்தத் தொகைக்குப் பொறுப்பு என்று ஜாமீன்தாரர் எழுதித் தருகிறார். இந்த விவரம் தெரியாமல் கடன் வாங்கிக்கொண்டு வரும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும்.

ஜாமீன்தாரர் தன் புகைப்படம், இடது பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றைத் தர வேண்டும். சில நீதிமன்றங்களில் வீட்டு வரி ரசீதோ சொத்து மதிப்புச் சான்றோ கேட்பார்கள். வேறு யாருக்கெல்லாம் ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் அவர் உறுதிமொழியில் சொல்ல வேண்டும். கூலிக்கு ஜாமீன் நிற்பவர்களைத் தடுக்கத்தான் இது. நீதிமன்ற வாசலில் அப்படிப்பட்ட ஆளைக் காட்டும் தரகர்களிடம் போகாதீர்கள். ஆள்மாறாட்டம் வெளியே வந்தால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும்.

வெளியூர்க்காரர் என்றால்? 1978இல் மோதிராம் வழக்கில், கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் பிணை விதித்து, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதால் ஏற்க முடியாது என்று நடுவர் சொல்லிவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தொகையை 1,000 ஆகக் குறைத்ததோடு, பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் தமிழரோ மலையாளியோ அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். இன்று திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளிகள் கைதானால் அதே கேள்வி நம் நீதிமன்றங்களை நோக்கி வருகிறது. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று உத்தரவில் இருந்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டித் திருத்தம் கேளுங்கள்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்களை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஜாமீன் உத்தரவை நீதிமன்றம் அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாட்களில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். பல வழக்குகள் உள்ளவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஜாமீன்தாரர்கள் நிற்கலாம் என்று 2024இல் கிரிஷ் காந்தி வழக்கில் இன்னொரு வாசலும் திறந்தது.

நிபந்தனைகளுக்கு வருவோம். 'மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்' என்பது நம் ஊரில் வழக்கமானது. தினக்கூலிக்காரருக்கு இது பிழைப்பையே கெடுக்கும். ஒழுங்காகக் கையெழுத்திட்டு வந்தால், வாரம் ஒருமுறையாக மாற்றவோ நீக்கவோ மனு செய்யலாம். கையெழுத்திட்ட தேதிகளை நீங்களும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கூகுள் வரைபடத்தில் இருப்பிடத்தைக் காவல்துறைக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை தனியுரிமைக்கு எதிரானது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

7. 60, 90: நாட்காட்டியைப் பாருங்கள்

காவல்துறை உரிய காலத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், குற்றம் எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. மரண தண்டனை, ஆயுள், அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு 90 நாட்கள், மற்றவற்றுக்கு 60. போதைப்பொருள் வணிக அளவு வழக்கில் 180. ரிமாண்டு செய்த முதல் நாளும் கணக்கில் சேரும் என்று 2023இல் தெளிவாகிவிட்டது.

இந்த உரிமை தானாக வீட்டுக்கு வராது. கெடு முடிந்த பிறகு, குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பு, மனு போட்டாக வேண்டும். மனு போட்டபின் அன்று மாலையே குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற எம். ரவீந்திரன் வழக்கில் 2020இல் இதைத் திட்டவட்டமாகத் தீர்த்தார்கள். ஆகவே ரிமாண்டு அன்றே 61ஆம் நாளையும் 91ஆம் நாளையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அந்த நாளில் காலை முதல் வேலையாக மனு பதிவாக வேண்டும்.

8. குண்டர் சட்டம் வந்தால்

தமிழ்நாட்டில் ஜாமீன் பற்றி எழுதிவிட்டு குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தை விட்டுவிட்டால் அது அரைகுறை வழிகாட்டி. ஜாமீன் கிடைக்கும் தறுவாயில் மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ தடுப்புக்காவல் உத்தரவு போட்டால், ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. அதிகபட்சம் 12 மாதங்கள். இதற்கு ஜாமீன் மனு கிடையாது. அரசுக்கும், தடுப்புக்காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்கும் முறையீடு அனுப்ப வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு (ஹேபியஸ் கார்ப்பஸ்) மனு போட வேண்டும்.

உத்தரவோடு தரப்படும் ஆவணக் கட்டை ஒரு பக்கம் விடாமல் படிக்க வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கில ஆவணத்தை மொழிபெயர்க்காமல் தந்திருக்கிறார்களா, படிக்க முடியாத நகலா, 'இவர் ஜாமீனில் வந்துவிடுவார்' என்று சொல்ல அதிகாரி காட்டும் வழக்கு உண்மையிலேயே ஒப்பானதா, முறையீட்டைப் பரிசீலிக்க அரசு காரணமில்லாமல் தாமதித்ததா? இத்தகைய குறைகளால்தான் பெரும்பாலான உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகின்றன. ஆனால் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் பல மாதங்கள் உள்ளேயே கழிந்துவிடுகின்றன. விசாரணையின்றி ஓராண்டு அடைத்துவைக்கும் அதிகாரத்தைச் சாதாரண வழக்குகளில் எடுத்துப் பயன்படுத்துவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது என்றே நினைக்கிறேன்.

9. விசாரணைக் கைதியாகவே காலம் கழிந்தால்

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பு வராதவர்கள். அவர்களுக்காகப் பிரிவு 479 இருக்கிறது. குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதியை உள்ளே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மூன்றாண்டு தண்டனைக்குரிய திருட்டு வழக்கு என்றால் ஓராண்டு. மனு போட வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவரையும் சட்டம் விலக்கிவிட்டது. ஒரே ஆள்மீது நான்கைந்து வழக்குகளைச் சேர்த்துப் போடும் பழக்கம் இருக்கும் இடத்தில் இந்த விலக்கு மிகப் பெரிய ஓட்டை.

10. தண்டனை: யாரும் தயாராக வராத நாள்

ஜாமீனுக்காக ஓடிய ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தண்டனை விசாரணைக்காக யாரும் ஓடுவதில்லை. அமர்வு நீதிமன்றத்தில் 'குற்றவாளி' என்று தீர்மானித்தபின், தண்டனையின் அளவு பற்றி அவரைக் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 258(2). நடுவர் நீதிமன்றத்தின் பெரிய வழக்குகளிலும் அதே விதி. 1976இலேயே சாந்தா சிங் வழக்கில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல, ஆவணங்களையும் சாட்சியத்தையும் தர வாய்ப்பளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நடப்பதோ வேறு. காலையில் தீர்ப்பு, உணவு இடைவேளைக்குப் பின் தண்டனை. 'ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என்று கேட்டால் அதிர்ச்சியில் நிற்பவர் 'குடும்பம் இருக்கிறது ஐயா, குறைந்த தண்டனை கொடுங்கள்' என்பார். தீர்ப்பில் அது ஒரு வரியாகப் பதிவாகும்.

நம் நாட்டில் நீதிபதிகளுக்கென்று வகுக்கப்பட்ட தண்டனை அட்டவணை கிடையாது. சட்டம் மேல் எல்லையைச் சொல்கிறது. சில குற்றங்களுக்குக் கீழ் எல்லையையும் சொல்கிறது. நடுவே உள்ள பெரிய இடைவெளியில் ஒரே மாதிரியான இரண்டு வழக்குகளுக்கு இரண்டு நீதிமன்றங்கள் வெவ்வேறு தண்டனை தருவது சாதாரணம். அதனால்தான் அந்த நாளில் கையில் இருக்கும் ஆவணம் இவ்வளவு முக்கியம்.

தீர்ப்புத் தேதி குறிக்கப்பட்டதுமே, விடுதலையாவார் என்ற நம்பிக்கை எவ்வளவு இருந்தாலும், தனியாக ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். குற்றம் நடந்தபோது வயது என்ன என்பதற்கான சான்று. வழக்கு நடந்த ஆண்டுகளில் வேறு எந்தப் புகாரும் இல்லை என்பது. சிறையில் இருந்தவர் என்றால் நன்னடத்தை விவரம், அங்கே படித்த படிப்பு, கற்ற தொழில். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்திருந்தால் ரசீது. மனநலச் சிகிச்சை பெற்றிருந்தால் மருத்துவக் குறிப்புகள். தண்டனை வாதத்துக்கு வேறொரு நாள் கேட்கவும் தயங்க வேண்டாம். மறுபக்கத்தில் ஆயுதம், திட்டமிட்ட செயல், பாதிக்கப்பட்டவரின் இயலாமை, நம்பிக்கைத் துரோகம், பழைய தண்டனை ஆகியவற்றை அரசுத் தரப்பு எடுத்துவைக்கும். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் இரக்கம் மட்டும் கேட்டால் எடுபடாது.

21 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் பெரிய கேடயம். ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதவற்றில் அவரைச் சிறைக்கு அனுப்புவது விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும். அனுப்பினால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். மூத்தவர்களுக்கும், மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரியது அல்லாத குற்றங்களில், நன்னடத்தைப் பிணையில் விட இடமுண்டு. இந்தச் சட்டப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பும் இல்லை என்கிறது அதன் 12ஆம் பிரிவு. வேலையில் இருக்கும் இளைஞருக்கு இது வாழ்க்கையையே காப்பாற்றும். வழக்கறிஞர் கேட்காவிட்டால் நீங்கள் அவருக்கு நினைவூட்டுங்கள்.

புதிதாகச் சமூக சேவை என்ற தண்டனையும் வந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர், பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவைதான் தண்டனை. பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தது போன்ற சிறு குற்றங்களுக்கும் உண்டு.

குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் குற்ற ஒப்புதல் பேரம் என்ற வழியும் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் வரையிலான தண்டனைக்குரிய குற்றங்களில், குற்றச்சாட்டு வனைந்த 30 நாட்களுக்குள் மனு செய்யலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கு இல்லை. முதல்முறை குற்றவாளிக்குத் தண்டனை அதிகபட்சத்தில் ஆறில் ஒரு பங்காகக் குறையலாம். ஆனால் குற்றவாளி என்ற பதிவு நிற்கும். நிரபராதி என்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

கொலை வழக்கில் தண்டனைப் போராட்டம் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பி.என்.எஸ். 103 என்று தீர்மானித்தால் ஆயுளுக்குக் குறைய வழியில்லை. திடீர்ச் சண்டை, கடும் ஆத்திரமூட்டல் என்ற அடிப்படையில் கொலை ஆகாத மரணம் விளைவித்தலுக்கான 105க்கு இறங்கினால் சில ஆண்டுகள் வரைகூடக் குறையும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனைக்குக் கீழே இறங்க நீதிபதியால் முடியாது. மரண தண்டனைக்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். உயர் நீதிமன்றம் உறுதிசெய்தால்தான் அது செல்லும். 1980இல் பச்சன் சிங் வழக்கு 'அரிதினும் அரிது' என்ற வரம்பைப் போட்டது. 2022இல் மனோஜ் வழக்கு, குற்றவாளியின் பின்னணி, மனநிலை, சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்றமே பெற வேண்டும் என்று சொன்னது. தூக்குக் கயிறு தொங்கும் வழக்கில் சொன்ன இந்த அக்கறை மூன்றாண்டுச் சிறை வழக்குகளுக்கும் வர வேண்டும் என்பதே என் ஆசை.

பாதிக்கப்பட்ட தரப்பில் இருப்பவர்களுக்கு

ஜாமீன் மனுவை எதிர்த்து இடையீட்டு மனு போடலாம். உங்களையும் கேட்க வேண்டும் என்று 2022இல் லக்கிம்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இது எழுதப்பட்ட உரிமையே. மிரட்டல் வந்தால் தேதி, நேரத்தோடு புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஜாமீன் ரத்துக்கு அதுதான் ஆதாரம். தண்டனை நாளில் இழப்பீடு கேளுங்கள். விடுதலையையோ குறைந்த இழப்பீட்டையோ எதிர்த்து நீங்களே மேல்முறையீடு செய்யலாம்; தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் என்றால் அரசுதான் செய்ய வேண்டும்.

11. தீர்ப்பின் கடைசிப் பக்கம்

தண்டனை அறிவித்ததும் கடைசிப் பக்கத்தை உடனே படியுங்கள். பல பிரிவுகளில் தண்டனை என்றால் 'ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்ற வரி இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடும் ஆபத்து உண்டு. அப்படிக் கணக்கிட்டால் 3, 3, 2 என்பது எட்டு ஆண்டுகளாகிவிடும். ஏற்கெனவே வேறு வழக்கில் தண்டனை அனுபவிப்பவருக்கும் அதே ஆபத்து. அடுத்து, விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களைக் கழிக்கும் வரி, அதாவது பிரிவு 468. ரிமாண்டு தேதிகளும் ஜாமீனில் வந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அபராதம் கட்டத் தவறினால் வரும் சிறைக்காலம் தனி. மற்றத் தண்டனையோடு சேர்ந்து ஓடாது.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுகள் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. சட்டப்படி அது வாழ்நாள் முழுவதும். மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் இருந்தால்தான் அரசு முன்விடுதலையைப் பரிசீலிக்கவே முடியும்.

12. மேல்முறையீடும் தண்டனை நிறுத்திவைப்பும்

சிறைத்தண்டனை விதித்தால் தீர்ப்பு நகலை அன்றே இலவசமாகத் தர வேண்டும். வாங்காமல் வளாகத்தைவிட்டுப் போகாதீர்கள். நடுவர் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்தில் 30 நாட்களுக்குள்ளும், அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் 60 நாட்களுக்குள்ளும் மேல்முறையீடு செய்ய வேண்டும். மரண தண்டனையில் 30 நாட்கள்தான்.

ஜாமீனில் இருந்தவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மிகாத தண்டனை என்றால், மேல்முறையீடு செய்யும்வரை தண்டனையை நிறுத்திவைக்கும்படி பிரிவு 430இன்கீழ் தண்டித்த நீதிமன்றத்திடமே கேட்கலாம். அதற்கான மனு, அபராதத் தொகை, இரண்டு ஜாமீன்தாரர்கள் மூன்றும் தீர்ப்பு நாளில் நீதிமன்ற வாசலிலேயே இருக்க வேண்டும். இவை இல்லாமல் மாலை ஐந்து மணிக்குச் சிறைக்குப் போனவர்கள் பலர்.

அதற்கு மேற்பட்ட தண்டனை என்றால் மேல்முறையீட்டோடு நிறுத்திவைப்பு மனுவும் போக வேண்டும். பத்தாண்டோ அதற்கு மேலோ என்றால் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் பதில் தர வாய்ப்புத் தருவார்கள். காசோலை பணமில்லாமல் திரும்பிய வழக்கில் குறைந்தது 20 விழுக்காடு தொகையைக் கட்டச் சொல்லலாம். மேல்முறையீடு விசாரணைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதே நிறுத்திவைப்பு கேட்பதற்கு நல்ல காரணம். 1977இல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. அனுபவித்து முடித்த நாட்களின் கணக்கு, சிறை நடத்தைச் சான்று, விசாரணைக் காலத்தில் ஜாமீன் நிபந்தனையை மீறியதில்லை என்ற விவரம் மூன்றையும் அந்த மனுவோடு இணையுங்கள்.